ஆர் மொழியில் பைப்: நாமே ஒன்று செய்து பார்த்துப் பழகுவோம்

ஜவ்வரிசி எப்படிச் செய்கிறார்கள் என்று சேலம், ஆத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். குச்சிக்கிழங்கைத் தோல் உரித்து, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் மாவைப் படியவிட்டு, உருட்டி, வறுத்து, களத்தில் காயவைப்பார்கள். ஒரே வாக்கியத்தில் எட்டு வேலை. எது முதலில், எது பிறகு என்று யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, வேலை நடக்கிற வரிசையிலேயே பேச்சும் போகிறது.

இதையே ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் பழைய முறையில் எழுதினால் இப்படி வரும்:

    காயவை(வறு(உருட்டு(படியவிடு(வடிகட்டு(அரை(கழுவு(உரி(கிழங்கு))))))))

கடைசி வேலை முன்னால் நிற்கிறது, கிழங்கு நடுக்குழியில் கிடக்கிறது. உள்ளே இருந்து வெளியே படித்துக்கொண்டு வந்தால்தான் புரியும். புதிதாக ஆர் படிக்க வரும் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணக்கு அவர்களுக்கு வருகிறது, இந்தத் தலைகீழ் வரிசைதான் வருவதில்லை.

பைப் ஆபரேட்டர், அதாவது ஒரு வேலையின் விடையை அடுத்த வேலைக்கு அனுப்பும் குறி, இந்த வரிசையை நேராக்குகிறது:

    கிழங்கு |> உரி() |> கழுவு() |> அரை() |> வடிகட்டு()

‘உரித்து, கழுவி, அரைத்து’ என்று நாம் பேசுகிற பேச்சுதான் இது. பெயர் முன்னால், வினை பின்னால். அதனால் தமிழ் பேசுகிறவர்களுக்குப் பைப் புதிய பாடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். இதை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு முறை நாமே செய்து பார்ப்பது நல்லது. ஒரே வரியில் ஒன்றைச் செய்து, அதன் குறையைப் பார்த்து, திருத்தி, அப்புறம் மொழியிலேயே இருக்கும் பைப்புக்குப் போவோம்.

தொடங்கும் முன்

உங்கள் கணினியில் ஆர் 4.2 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு இருக்கட்டும். 4.1-இலேயே பைப் உண்டு என்றாலும், கீழே வரும் ஒரு வசதி 4.2-இல்தான் வந்தது. விண்டோஸ் கணினியில் தமிழ் எழுத்துகள் தொல்லை இல்லாமல் வேலை செய்யத் தொடங்கியதும் 4.2-இலிருந்துதான்.

இன்னொன்று. ஃபங்ஷன் என்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் கட்டளை. இந்தக் கட்டுரையில் ஃபங்ஷன் பெயர்களையும் நாம் வைக்கும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கன்சோலில் (கட்டளை அடிக்கும் இடத்தில்) அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ‘சம்’ என்றால் கூட்டல், ‘மீன்’ என்றால் சராசரி, ‘ரவுண்ட்’ என்றால் தசமத்தைக் குறைப்பது, ‘சி’ என்றால் பல மதிப்புகளை ஒன்றாகக் கோப்பது. <- என்ற அம்பு, வலப்பக்கம் இருப்பதற்கு இடப்பக்கப் பெயரை வைக்கிறது. மேற்கோள் குறிக்குள் வரும் ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம்.

பழகுவதற்கு ஐந்து கிழங்குச் சுமைகளின் எடை, டன்னில்:

    எடை <- சி(8.2, 6.5, 7, 9, 5.5)

முதல் படி: இரண்டு சதவீதக் குறிக்குள் ஒரு பெயர்

ஆர் மொழி நமக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் எதை வைத்தாலும் அது ஆபரேட்டர் ஆகிவிடும். அதற்கு இடப்பக்கம் இருப்பது முதல் உள்ளீடு, வலப்பக்கம் இருப்பது இரண்டாவது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதுவதுதான்.

    `%~>%` <- \(அ, ஆ) ஆ(அ)

அவ்வளவுதான், பைப் தயார். வரியை மெதுவாகப் பார்ப்போம். பெயரின் இரு பக்கமும் இருப்பது பேக்டிக், விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம் டில்டேவோடு இருக்கும் குறி. வழக்கமில்லாத பெயர் ஒன்றை வைக்கும்போது அதை இந்தக் குறிக்குள் அடைக்க வேண்டும். சாய்கோடும் அடைப்பும் சேர்ந்தால் ‘இது ஒரு ஃபங்ஷன்’ என்று பொருள், அதன் சுருக்க வடிவம் இது. உள்ளே வருவது இரண்டு: அ என்பது பொருள், ஆ என்பது வேலை. வேலையைப் பொருளின் மேல் நடத்து என்பதுதான் ஆ(அ).

    எடை %~>% சம்

36.2 என்று வரும். அடுத்து இரண்டு வேலை:

    எடை %~>% மீன் %~>% ரவுண்ட்

சராசரி 7.24, ரவுண்ட் ஆகி 7 என்று வரும். இந்த வகை ஆபரேட்டர்களை ஆர் இடமிருந்து வலமாகச் சேர்க்கும். முதலில் எடையும் மீனும் சேர்கின்றன, கிடைத்த விடை ரவுண்டிடம் போகிறது.

சரி, ஒரு தசமம் வரை வேண்டும் என்றால்? ரவுண்டுக்கு 1 என்று ஒரு எண்ணையும் கொடுக்க வேண்டும். நம் பைப்பில் அதற்கு இடமே இல்லை. வலப்பக்கம் வெறும் பெயர் மட்டும்தான் நிற்க முடியும். சுற்றி வளைத்து இப்படி எழுதலாம்:

    எடை %~>% மீன் %~>% (\(இ) ரவுண்ட்(இ, 1))

7.2 வருகிறது. ஆனால் பாதி வரி அடைப்புக்குறியாகிவிட்டது. எந்தத் தொல்லையிலிருந்து தப்ப வந்தோமோ அதே தொல்லை.

இரண்டாம் படி: வலப்பக்கத்தைப் பிரித்து உள்ளே நுழைப்பது

நமக்கு வேண்டியது ரவுண்ட்(1) என்று எழுதினால் போதும், இடப்பக்கத்திலிருந்து வருவது தானாகவே அடைப்புக்குள் முதலாவதாகப் போய் உட்கார வேண்டும் என்பது. இதற்கு ஆர் மொழியின் ஒரு தனித்தன்மை கைகொடுக்கிறது. ஃபங்ஷனுக்கு நாம் கொடுக்கும் உள்ளீட்டை ஆர் உடனே கணக்கிடுவதில்லை. ‘எழுதியது என்ன’ என்பதையும் அப்படியே கையில் வைத்திருக்கும். அந்த எழுத்தை எடுத்துப் பார்க்க சப்ஸ்டிட்யூட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

    `%~>%` <- \(அ, ஆ) {
      பொருள் <- சப்ஸ்டிட்யூட்(அ)
      வேலை <- சப்ஸ்டிட்யூட்(ஆ)
      பட்டியல் <- அப்பெண்ட்(ஆஸ்.லிஸ்ட்(வேலை), லிஸ்ட்(பொருள்), 1)
      இவால்(ஆஸ்.கால்(பட்டியல்), பேரன்ட்.ஃபிரேம்())
    }

பட்டியல் என்று தொடங்கும் வரிதான் உயிர். ரவுண்ட்(1) என்று நாம் எழுதியதை ஆஸ்.லிஸ்ட் இரண்டு துண்டாகப் பிரிக்கிறது: முதல் துண்டு ரவுண்ட் என்ற பெயர், இரண்டாவது துண்டு 1. அப்பெண்ட் முதல் துண்டுக்கு அடுத்து நம் பொருளைச் செருகுகிறது. கடைசியில் இருக்கும் 1, ‘முதல் துண்டுக்கு அடுத்து’ என்பதைச் சொல்கிறது. இப்போது பட்டியலில் மூன்று: ரவுண்ட், பொருள், 1. ஆஸ்.கால் இவற்றைத் திரும்ப ஒட்டி ரவுண்ட்(பொருள், 1) என்று ஆக்குகிறது. இவால் அதை ஓட்டுகிறது.

பேரன்ட்.ஃபிரேம் எதற்கு என்று வகுப்பில் கட்டாயம் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. எடை என்ற பெயர் நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது, நம் ஃபங்ஷனுக்குள் இல்லை. ‘யார் கூப்பிட்டார்களோ அவர்கள் இடத்தில் வைத்துக் கணக்கிடு’ என்று சொல்வதுதான் அது. அதை விட்டுவிட்டால் பல நேரம் சரியாகவே ஓடும். எப்போதாவது உங்கள் பெயரும் ஃபங்ஷனுக்குள் இருக்கும் பெயரும் ஒன்றாகிப்போனால் தவறான விடை வரும். நாம் உள்ளே பொருள், வேலை, பட்டியல் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம் அல்லவா, வெளியேயும் அதே பெயரில் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

    எடை %~>% மீன்() %~>% ரவுண்ட்(1)

7.2. இப்போது வரி வாக்கியம் போலப் போகிறது. இந்த ஆறு வரியை ஒரு முறை கையால் அடித்து ஓட்டியவர்களுக்குப் பைப் என்பது மந்திரம் இல்லை என்று புரிந்துவிடும்.

ஆனால் இதைப் பழகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவரோடு பகிரும் வேலையில் சொந்த ஆபரேட்டர் போடாதீர்கள். உங்கள் கோப்பைத் திறக்கும் இன்னொருவர் அந்தக் குறிக்குப் பொருள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மொழிக்குள் பைப் வந்த வழி

ஒரு வேலையின் விடையை நேரே அடுத்த வேலைக்கு அனுப்பும் பழக்கம் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் 1973-இல் வந்தது. டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வற்புறுத்தி, கென் தாம்சன் எழுதினார். இடம் பெல் ஆய்வகம். அதே ஆய்வகத்தில்தான் 1976-இல் ஜான் சேம்பர்ஸும் மற்றவர்களும் எஸ் என்ற புள்ளியியல் மொழியைத் தொடங்கினார்கள். அந்த எஸ் மொழியின் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியது ஆர். ஒரே ஆய்வகத்தில் பிறந்த பைப் புள்ளியியல் மொழிக்கு வந்து சேர நாற்பது ஆண்டு பிடித்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முதலில் வந்தது மொழிக்கு வெளியிலிருந்து. 2014-இல் ஸ்டெஃபான் மில்டன் பாக்கே மேக்ரிட்டர் என்ற பேக்கேஜை (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் ஃபங்ஷன் தொகுப்பை) வெளியிட்டார். அதில் இருந்த %>% என்ற குறி, நாம் மேலே திறந்த அதே சதவீதக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது. புகைக்குழாயை வரைந்து ‘இது குழாய் அல்ல’ என்று எழுதிவைத்த ஓவியர் ரெனே மக்ரித்தின் பெயரிலிருந்து வந்தது அந்தப் பெயர். உலகம் முழுக்க அது பரவிய பிறகு, 2021 மே மாதம் வந்த ஆர் 4.1.0-இல் |> என்ற குறி மொழிக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. நாம் பயன்படுத்திய சாய்கோட்டுச் சுருக்கமும் அதே பதிப்பில்தான் வந்தது.

மூன்றாம் படி: உள்ளிருக்கும் பைப்

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், நாம் செய்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நம் பைப் ஒரு ஃபங்ஷன், ஒவ்வொரு முறையும் ஓடிப் பிரித்து ஒட்டுகிறது. |> என்பது ஃபங்ஷனே இல்லை. வரியை ஆர் படிக்கும்போதே மாற்றி எழுதிக்கொள்கிறது. கண்ணால் பார்க்க க்வோட் என்ற ஃபங்ஷனுக்குள் போடுங்கள். அது எதையும் கணக்கிடாமல், ஆர் புரிந்துகொண்ட வடிவத்தைக் காட்டும்.

    க்வோட்(எடை |> மீன்() |> ரவுண்ட்(1))

திரையில் வருவது:

    ரவுண்ட்(மீன்(எடை), 1)

பைப் இருந்த தடமே இல்லை. நமக்கு வசதியான வரிசையில் நாம் எழுதுகிறோம், ஆர் தனக்கு வசதியான வரிசையில் வைத்துக்கொள்கிறது. ஓடும்போது கூடுதல் வேலையும் இல்லை. இதனால்தான் மொழிக்குள் புதுக் குறி சேர்ப்பதை மொழியை உருவாக்குகிறவர்கள் மட்டுமே செய்ய முடியும். நாம் சதவீதக் குறிக்குள்தான் விளையாடலாம்.

இந்த மாற்றி எழுதும் முறையால் ஒரு கட்டாயமும் வருகிறது. வலப்பக்கம் அடைப்புக்குறி இருந்தே ஆக வேண்டும். எடை |> சம் என்று எழுதினால் பிழை, எடை |> சம்() என்பதே சரி.

நான்காம் படி: உண்மையான ஒரு கணக்கு

கிழங்குக்கு விலை எடையை மட்டும் வைத்துப் போடுவதில்லை. மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, பாயிண்ட் கணக்கில் போடுவார்கள். டன் எடையைப் பாயிண்டால் பெருக்கி, ஒரு பாயிண்டின் விலையால் பெருக்கினால் சுமையின் தொகை. இங்கே பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் போட்டவை, சந்தை விலை அல்ல.

    சுமை <- டேட்டா.ஃபிரேம்(
      ஊர் = சி("ஆத்தூர்", "வாழப்பாடி", "ஆத்தூர்", "தலைவாசல்", "வாழப்பாடி"),
      எடை = எடை,
      பாயிண்ட் = சி(28, 26, 24, 27, 29))

கேள்வி இது: 25 பாயிண்டும் அதற்கு மேலும் உள்ள சுமைகளை எடுத்து, தொகை போட்டு, ஊர்வாரியாகக் கூட்ட வேண்டும். கேள்வியைத் தமிழில் சொல்லும்போதே ‘எடுத்து, போட்டு, கூட்டி’ என்று வந்துவிட்டது பாருங்கள். அதை அப்படியே இறக்குகிறோம்.

    சுமை |>
      சப்செட்(பாயிண்ட் >= 25) |>
      டிரான்ஸ்ஃபார்ம்(தொகை = எடை * பாயிண்ட் * 300) |>
      அக்ரிகேட்(தொகை ~ ஊர், டேட்டா = _, ஃபன் = சம்)

ஆத்தூர் 68,880, தலைவாசல் 72,900, வாழப்பாடி 98,550 என்று வரும். ஆத்தூரின் இரண்டாவது சுமை 24 பாயிண்ட் என்பதால் முதல் படியிலேயே கழிந்துவிட்டது. ஒரு சுமையையாவது காகிதத்தில் போட்டுச் சரிபாருங்கள்: 8.2 × 28 × 300 = 68,880.

கடைசி வரியில் ஒரு அடிக்கோடு இருக்கிறதே, அதுதான் 4.2-இல் வந்த வசதி. பைப் எப்போதும் பொருளை முதல் இடத்தில்தான் நுழைக்கும். அக்ரிகேட்டில் முதல் இடத்தில் நாம் வைத்திருப்பது ‘ஊர்வாரியாகத் தொகை’ என்ற சூத்திரம். அட்டவணை போக வேண்டியது டேட்டா என்ற இடத்துக்கு. ‘வருவதை இங்கே வை’ என்று காட்டுவதே அடிக்கோடு. இதற்கு இரண்டு விதி. இடத்தின் பெயரைச் சொல்லித்தான் வைக்க வேண்டும், வெறுமனே வைக்க முடியாது. ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு முறைதான் வைக்கலாம். மேக்ரிட்டரில் இதே வேலையைப் புள்ளி செய்யும், அங்கே இந்த விதிகள் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடைசியில் வரும் ஃபன் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்கும்போது மூன்று எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

வழுக்கும் இடங்கள்

பைப் வரியின் கடைசியில் நிற்க வேண்டும், அடுத்த வரியின் தொடக்கத்தில் நிற்கக் கூடாது. கடைசியில் இருந்தால் ‘இன்னும் இருக்கிறது’ என்று ஆர் காத்திருக்கும். கன்சோலில் அதை அடுத்த வரிக்குத் தள்ளினால், முதல் வரி முடிந்தது என்று விடை காட்டிவிட்டு, தனியாக நிற்கும் பைப்பைப் பார்த்துப் பிழை சொல்லும். ‘கழுவி’ என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார், ‘கழுவினார்கள்’ என்றால் முடிந்தது என்று எழுந்துவிடுவார். அதே கதைதான்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அது பிழையே சொல்லாது. எடை மேடையில் வண்டியைச் சுமையோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை நிறுத்துவார்கள். சீட்டில் இரண்டு எடையும் இருக்கும், கழித்தால் கிழங்கின் எடை. தெரிந்த ஒருவரின் ஆலைக்குக் கணக்குப் பார்த்தபோது, இரண்டு வண்டிக்கு நான் இப்படி எழுதினேன்:

    சுமையோடு <- சி(13, 11.2)
    காலி <- சி(4.8, 4.7)
    சுமையோடு - காலி |> சம்()

14.7 என்ற ஒரே எண் வர வேண்டும். வந்தது இரண்டு எண்: 3.5, 1.7. கழித்தல் குறியைவிடப் பைப் இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் காலி எடைகள் மட்டும் முதலில் கூடி 9.5 ஆகி, அது ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கழிந்துவிட்டது. அன்று இரண்டு எண் வந்ததால் கண்ணில் பட்டது. ஒரே வண்டியாக இருந்திருந்தால் விடை சரியாகவே வந்து, தவறான வரி அப்படியே கோப்பில் தங்கியிருக்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எது இருந்தாலும் அடைப்புக்குள் போட்டுவிட்டுப் பைப்பைத் தொடுங்கள்:

    (சுமையோடு - காலி) |> சம்()

பெயரில்லாத சின்ன ஃபங்ஷன் ஒன்றை நடுவில் வைக்க வேண்டுமானால் அதற்கும் அடைப்பு வேண்டும், பின்னால் காலி அடைப்பும் வேண்டும். மொத்தத்தில் ஒவ்வொரு சுமையின் பங்கு எவ்வளவு என்று பார்க்க:

    எடை |> (\(இ) இ / சம்(இ))()

பார்க்க அழகில்லைதான். இப்படி இரண்டு முறைக்கு மேல் எழுத வேண்டி வந்தால் அந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்துத் தனி ஃபங்ஷன் ஆக்கிவிடுங்கள், வரி சுத்தமாகிவிடும்.

நீளமும் ஒரு சிக்கல். பதினைந்து படி ஓடும் பைப்பில் விடை தவறினால் எந்தப் படியில் கெட்டது என்று வெளியே தெரியாது. ஆலையில் பாலைக் கெடவிட்டு, களத்தில் காய்ந்த பிறகு ஜவ்வரிசியைப் பார்த்து வருந்திப் பயனில்லை. அதனால் ஐந்தாறு படிக்கு ஒரு முறை நிறுத்தி, அந்த இடைவிடைக்கு ஒரு பெயர் கொடுங்கள். சந்தேகம் வந்தால் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு படியாகத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். கடைசியாகத் தேர்ந்த வரியின் பைப் குறியை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை வரிசை மிஞ்சியது என்று பாருங்கள். >= 25 என்பதற்குப் பதில் > 25 என்று அடித்துவிட்டால் சரியாக 25 பாயிண்ட் உள்ள சுமைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும், வரிசை எண்ணிக்கைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆர் எழுதப் பலரும் பயன்படுத்தும் ஆர்ஸ்டூடியோ என்ற செயலியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பைப் தானே வரும். %>% வந்தால், டூல்ஸ் மெனுவில் குளோபல் ஆப்ஷன்ஸ் போய், கோட் என்ற பகுதியில் நேட்டிவ் பைப் என்று இருப்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பழைய கோப்புகளில் %>% இருந்தால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மேக்ரிட்டரோ, டிபிளையர் என்ற இன்னொரு பேக்கேஜோ ஏற்றப்பட்டிருந்தால் அது அப்படியே ஓடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் புள்ளி வைத்த இடங்களையும் அடைப்பில்லாத பெயர்களையும் முதலில் தேடிப் பிடியுங்கள், உடைவது அங்கேதான்.

கடைசியில் விடைக்குப் பெயர் வைப்பது. ஆர் மொழியில் அம்பு இரண்டு பக்கமும் போகும். எடை |> சம்() -> மொத்தம் என்று வரியின் முடிவில் பெயர் வைத்தாலும் செல்லும், தமிழ் வரிசைக்கும் அது பொருந்தும். ஆனாலும் நான் மொத்தம் <- எடை |> சம்() என்று முன்னாலேயே வைக்கச் சொல்லித் தருகிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு பெயர் எங்கே பிறந்தது என்று கோப்பில் தேடும்போது, கண் இடது ஓரமாகத்தான் இறங்கி வரும்.